பிரிட்டாவின் கல்யாணக் கணக்கு

எங்கள் ஊர் எல்ம் ரேபிட்ஸில் யாரும் பிரிட்டா ஹாக்ஸ்டாட்டிடம் போய், சுவருக்கு வெள்ளை பெயின்ட் வேண்டும் என்று சொல்லித் தப்பிவிட முடியாது. "எந்த வெள்ளை?" என்பாள். "வெள்ளைன்னா வெள்ளைதான், எதையாவது குடு" என்று அவசரப்படுத்தினால் தொலைந்தீர்கள். ஜன்னல் வடக்கே பார்க்கிறதா, தரை மரமா கம்பளமா, சாயங்காலத்தில் அந்த அறையில் யார் உட்காருவார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, ஏழு வெள்ளை அட்டைகளை மேடைமேல் விரிப்பாள். அரை மணி நேரம் கழித்து டப்பாவோடு வெளியே போகிறவருக்கு, உள்ளே இருப்பது வெள்ளைதானா என்றே சந்தேகமாக இருக்கும். ஆனால் அடித்து முடித்த பிறகு திரும்பி வந்து குறை சொன்னவர் இதுவரை கிடையாது.

ஹார்டுவேர் கடையின் கடைசியில், ஆணி வரிசையையும் பனி அள்ளும் மண்வெட்டிகளையும் தாண்டினால் அவளுடைய பெயின்ட் கலக்கும் மேடை. பதினாறு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். அவள் படித்தது ஓவியக்கலை வரலாறு. தனியார் கல்லூரியில் நான்கு வருஷம். செங்கல் கட்டடம், மேப்பிள் மரங்கள், ஒரு வகுப்புக்குப் பதினோரு பேர். அதற்காக வாங்கிய கடன் நாற்பத்தோராயிரம் டாலர்.

அவள் அம்மா ஆர்லீஸுக்கு அந்தப் படிப்பு இன்றுவரை செரிக்கவில்லை. "நாலு வருஷம் உக்காந்து படம் பாத்துட்டு வந்தா. இப்ப சுவத்துக்கு வெள்ளையடிக்கறா" என்று மாதா கோயில் சமையலறையில் வைத்து எல்லோருக்கும் சொல்லுவாள். ஆர்லீஸ் மகளுக்காகப் பார்த்து வைத்திருந்தது பல் சுத்தம் செய்கிற படிப்பு. "ரெண்டே வருஷம். வெள்ளைக் கோட்டு. இந்த ஊர்ல எல்லார் வாயிலயும் பல்லு இருக்கு. எத்தனை பேர் வீட்டுல ஓவியம் இருக்கு, சொல்லு பாப்போம்?"

 

பிரிட்டாவுக்குப் பத்தொன்பது வயதானபோது, விளக்கணைத்த வகுப்பறையில், திரையில் ஒரு பழைய படம் விழுந்தது. மேசைமேல் பாதி உரித்த எலுமிச்சம்பழம். அதன் தோல் சுருண்டு மேசை விளிம்பிலிருந்து தொங்கியது. அவ்வளவுதான் படம். முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் ஒரு பழத்தோலை இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறானே என்று பிரிட்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தோலுக்கு நாற்பத்தோராயிரம் கொடுத்தது அவளுக்கு அதிகமாகப்பட்டதே இல்லை. இதை அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லமாட்டாள்.

ஆனால் கடனுக்குப் பழத்தோல் தெரியுமா? கடையில் வருஷத்துக்கு இருபத்தெட்டாயிரம் கிடைக்கும். அதனால் வருமானத்துக்குத் தகுந்தபடி தவணை கட்டும் திட்டத்தில் சேர்ந்திருந்தாள். மாதம் எழுபது டாலர். இருபத்தைந்து வருஷம் இப்படியே கட்டினால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எழுபது டாலர் வட்டிக்கே போதாது. அவள் மாதாமாதம் கட்டினாள், கடன் மாதாமாதம் வளர்ந்தது. இப்போது அறுபதாயிரத்தை எட்டிப் பார்க்கிறது. பிள்ளை வளர்க்கிற மாதிரி கடன் வளர்க்கிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இதற்கு நடுவில்தான் கர்ட் நோவாட்னி வந்து சேர்ந்தான். பண்ணைகளில் பால் குளிரூட்டும் தொட்டிகளைப் பழுது பார்க்கிறவன். தொழிற்பள்ளியில் ஒன்றரை வருஷம், கடன் சுத்தமாகக் கிடையாது, வருஷத்துக்கு எழுபதாயிரம். ஏரி உறைந்ததும் பனிமேல் இழுத்துப்போய் வைத்து மீன் பிடிப்பதற்கு ஒரு மரக்குடில் கட்டியிருந்தான். அதன் உள்பக்கம் அடிக்க வெள்ளை கேட்டு வந்தான். பிரிட்டா வழக்கம்போல ஏழு அட்டைகளையும் விரித்து முழுக் கச்சேரியும் செய்தாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "மஞ்சள் அடிச்சா எப்படி இருக்கும்? எலுமிச்சம்பழ மஞ்சள்?" என்றான்.

அவள் கையிலிருந்த அட்டைகள் கீழே விழுந்தன. பதினோரு வருஷமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். உள்ளே மஞ்சளாக மின்னும் அந்தக் குடிலை ஏரியில் பார்த்து இன்றும் ஊர் சிரிக்கிறது.

ஆனால் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. காரணம் ஊருக்கே மனப்பாடம். கட்டிக்கொண்டால் கர்ட்டின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். எழுபது டாலர் தவணை நானூற்றைம்பது ஆகிவிடும். "காதலுக்கு மாசம் முன்னூத்தெண்பது டாலர் அபராதம்" என்று மதுக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே யார் எதைக் கொடுத்தாலும் உடனே வாங்கிவிடக் கூடாது. காபி வேண்டுமா என்றால், முதல் தடவை "ஐயோ வேண்டாம், சிரமப்படாதீங்க". இரண்டாம் தடவை "இல்ல இல்ல, பரவால்ல". மூன்றாம் தடவையும் கேட்டால்தான் "ஏற்கெனவே போட்டு வச்சிட்டீங்கன்னா சரி, வீணாகக் கூடாது" என்று கோப்பையை நீட்டலாம். மூன்றாம் தடவை கேட்காவிட்டால் கொடுக்க மனசில்லை என்று பொருள். கொடுப்பதை மூன்று தடவை கேட்கிற நாங்கள், எங்களுக்கு வேண்டியதை மட்டும் ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டோம். அது அடுத்தவருக்குத் தொந்தரவு.

பிரிட்டா மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். கர்ட்டோடு குடித்தனம் தொடங்கியபோதே கடன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "கல்யாணம் ஆச்சுன்னா புருஷன் சம்பளத்தையும் சேப்பீங்களா?" என்று கேட்டாள். "பொதுவா சேப்போம், மேடம்" என்றது ஒரு குரல். பொதுவாக என்றால் என்ன, சேர்க்காமல் இருக்க வழி உண்டா என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். பாவம், அந்த மனிதருக்கு எத்தனை போனோ. இரண்டு முறை நன்றி சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

கர்ட்டும் எங்கள் ஊர்க்காரன்தானே. வருஷத்துக்கு ஒரே தடவை, ஏப்ரலில், வரிக்கணக்கு கொடுத்த வாரத்தில் கேட்பான். "இந்த வருஷம் கட்டிக்கலாமா?"

"கணக்குப் பாரு, கர்ட்."

"சரி" என்பான். அப்புறம் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொள்வான். இரண்டாம் தடவை கேட்டதே இல்லை. மூன்றாம் தடவைக்கு எங்கே போவது?

இந்த வருஷம் பிரிட்டாவின் கணினி வரிக்கணக்கு நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. லூத்தரன் கோயில் நிலவறையில் ஓய்வு பெற்றவர்கள் உட்கார்ந்து இலவசமாகக் கணக்குப் போட்டுத் தருவார்கள். அங்கே போனாள். வாய்த்தது லவோன் ஓப்சால். பள்ளிக்கூட அலுவலகத்தில் காலமெல்லாம் சம்பளக் கணக்குப் பார்த்த அம்மாள். கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டே பேசுவார்.

"ஏம்மா, நீயும் கர்ட்டும் இன்னும் கட்டிக்கலையா?"

"அதான் தெரியுமே, லவோன். அவர் சம்பளத்தைச் சேத்துட்டா எழுபது நானூத்தம்பது ஆயிடும்."

"அது ரெண்டு பேரும் சேந்து வரி கட்டினாதானே? தனித்தனியா கட்டினா உன் சம்பளத்தை மட்டும்தான் பாப்பாங்க. உன் திட்டத்துல எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா?"

"நீ சேந்த நாள்லேருந்து. என்ன, கடன் வட்டிக்குக் கிடைக்கற வரிக் கழிவு போயிடும். வருஷத்துக்கு ஒரு நூத்தம்பது டாலர் வரி கூடும். அவ்வளவுதான். காபி குடிக்கறியா?"

"வேண்டாம், சிரமப்படாதீங்க."

"கொஞ்சமா?"

"இல்ல, பரவால்ல."

"அட, ஒரு வாய்?"

"வேண்டாம்."

லவோன் பேனாவைக் கீழே வைத்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா, கண்ணு?"

உடம்புக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிரிட்டாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பயம், அதற்குப் பின்னாலேயே வெட்கம். கர்ட்டை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் படிப்பு அவள் எடுத்த முடிவு. ஊரே வேண்டாம் என்றபோது எடுத்தது. அதற்கான காசை வேறு ஒருவன் பையிலிருந்து ஒரு சென்ட்கூட வாங்கமாட்டேன் என்று இருபத்திரண்டு வயதிலேயே சபதம் போட்டுவிட்டாள். கர்ட்டைக் கட்டிக்கொண்டால் தவணை ஏறாமல் இருக்கலாம். அம்மா வாய் சும்மா இருக்குமா? "படம் படிச்சா. கடைசியில ஒரு மெக்கானிக் வந்துதான் கரையேத்தினான்" என்று ஞாயிறுதோறும் சொல்லுவாள். இத்தனை வருஷமும் அந்தப் பேச்சு வராமல் காத்தது அந்தக் கணக்குதான். இப்போது கணக்கு போய்விட்டது.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் கர்ட் கரண்டியை வைத்துவிட்டு, "இந்த வருஷம் கட்டிக்கலாமா?" என்றான்.

"கணக்குப் பாரு, கர்ட்" என்றாள் பிரிட்டா. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது என்று பிறகு தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். பழக்கமில்லை, பொய். அவளுக்கே தெரியும்.

"சரி" என்று அவன் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான். 

வெள்ளிக்கிழமை மதுக்கடையில் இறைச்சிக் குலுக்கல். சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், சக்கரம் சுற்றும், எண் விழுந்தவருக்கு ஒரு பொட்டலம் இறைச்சி. ஊரில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். லவோன் நேராக இவர்கள் மேசைக்கு வந்து கர்ட்டின் தோளைத் தட்டினார்.

"என்னப்பா, எப்ப விருந்து? அதான் ஒரு தடையும் இல்லையே!"

பிரிட்டா கண்ணைக் காட்டினாள், தொண்டையைக் கனைத்தாள். லவோனுக்கு எதுவும் எட்டவில்லை. தனித்தனி வரி, எழுபது டாலர், நூற்றைம்பது டாலர் என்று நின்ற நிலையில் முழுவதையும் விளக்கிவிட்டுத்தான் நகர்ந்தார். கர்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "ஓகோ. ரொம்ப தேங்க்ஸ், லவோன்" என்றான். அந்த நேரம் பார்த்து அவன் எண் விழுந்தது. எழுந்து போய்ப் பன்றி இறைச்சிப் பொட்டலத்தை வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இதை எப்ப சொன்னாங்க உனக்கு?"

"திங்கக்கிழமை."

"நான் கேட்டது புதன்கிழமை."

"ஆமா."

"சரி" என்றான்.

வேறு ஊராக இருந்தால் தட்டு பறந்திருக்கும். எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடும். மறுநாளிலிருந்து கர்ட் உப்பை நகர்த்தியதற்கு நன்றி சொன்னான். தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தான். தொலைக்காட்சியை மாற்றலாமா என்று அனுமதி கேட்டான். பதினோரு வருஷமாக ‘வேண்டாம்’ என்ற பதிலைக் கேட்டதில் அவனுக்கு வருத்தமே இருந்ததில்லை. வேண்டாம் என்றது கணக்குதான், இவளல்ல என்று நினைத்திருந்தான். இப்போது கணக்கே இல்லாமல் வேண்டாம் என்கிறாள் என்றால், அது அவனைத்தானே?

அடுத்த வாரம் காலையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். "ஃபார்கோல ஒரு கம்பெனி கூப்பிடறாங்க. பெரிய பண்ணைங்க. மாசக் கடைசியில அங்கேயே போயிடலாம்னு பாக்கறேன். உனக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"இல்ல, பரவால்ல" என்றாள் பிரிட்டா. பழக்கம் என்றால் இது பழக்கம். அவன் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அன்று கடைக்கு ஆர்லீஸ் வந்தாள். செய்தி அதற்குள் மாதா கோயில் சமையலறையை அடைந்து, வெந்து, பரிமாறப்பட்டிருந்தது. பிரிட்டா யாருக்கோ ஏழு அட்டைகளையும் விரித்து வைத்திருந்த நேரம். ஆர்லீஸ் அந்த ஆளைப் பொருட்படுத்தவே இல்லை.

"எழுபதாயிரம் சம்பாதிக்கறவன் மூட்டை கட்டறானாமே! ஏன்டி, படிப்பும் நஷ்டம், இதுவும் நஷ்டம். லாபமா ஒரு காரியம் பண்ணத் தெரியுமா உனக்கு?"

 "தெரியாதும்மா" என்றாள் பிரிட்டா மெதுவாக. அப்புறம், ஏதோ நல்ல செய்தி கேட்டவள் போல, "தெரியவே தெரியாது!" என்று ஏப்ரனைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

"அப்ப என் வெள்ளை?" என்று பின்னாலிருந்து அந்த ஆள் கேட்டார்.

"நடுவுல இருக்கறதை எடுத்துக்குங்க" என்று கதவருகிலிருந்து கத்தினாள். பதினாறு வருஷத்தில் அவள் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

கர்ட் ஒரு பண்ணையின் பால் அறையில் இருந்தான். தொட்டி குளிரவில்லை. உள்ளே அன்றைய பால் முழுவதும் நிற்கிறது. தொட்டிக்குப் பின்னால் ஈரத்தரையில் மல்லாந்து கிடந்தான், பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"கர்ட்."

"ஹலோ, பிரிட்டா. வந்ததுக்கு தேங்க்ஸ்."

"தேங்க்ஸ் சொல்றதை நிறுத்து."

"சரி. மன்னிச்சுக்கோ."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "கர்ட், என்னைக் கட்டிக்கறியா?"

ஸ்பானர் சத்தம் நின்றது. "ஐயோ, வேண்டாம்" என்றன பூட்ஸ்கள். "நீ சிரமப்படாத."

"நான் பொய் சொன்னேன். உன்னை வேண்டாம்னு இல்ல. என் படிப்பை நீ வந்துதான் கரையேத்தினேன்னு எவளும் சொல்லிடக் கூடாதுன்னு பயம். எவளும் என்ன, எங்கம்மா சொல்லிடுவாளேன்னுதான். அந்தக் கணக்குக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். தப்புதான். கட்டிக்கறியா?"

"இல்ல இல்ல, பரவால்ல. எனக்கு ஃபார்கோ இருக்கு."

இரண்டு ஆயிற்று. இரண்டாவது வேண்டாமுக்கு எங்கள் ஊரில் யாரும் பயப்படமாட்டார்கள். ஆனால் பிரிட்டா பயந்தாள். இது காபிக்குச் சொல்கிற வேண்டாமா, நிஜ வேண்டாமா? அவளுடைய வேண்டாம்களெல்லாம் நிஜமாகத்தானே இருந்தன. ஒவ்வொரு ஏப்ரலிலும் இவன் இப்படித்தான் பயந்திருப்பானா, உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டு? அதை நினைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

"கணக்குப் பாத்துட்டேன், கர்ட். உன்னைக் கட்டிக்கிட்டா எனக்கு வருஷத்துக்கு நூத்தம்பது டாலர் நஷ்டம். எப்படிப் போட்டுப் பாத்தாலும் நஷ்டம்தான். நஷ்டம்னு நல்லாத் தெரிஞ்சு, ஆனாலும் வேணும்னு நான் எடுத்தது இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. அந்தப் படிப்பு. அதுக்காக ஒரு நாள்கூட நான் வருத்தப்பட்டதில்ல. ரெண்டாவதா உன்னைக் கேக்கறேன். கட்டிக்கறியா?"

 பண்ணையில் எங்கோ ஒரு மாடு கத்தியது. பிறகு கர்ட் தரையில் உரசிக்கொண்டே வெளியே வந்தான். நெற்றியில் கிரீஸ். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நூத்தம்பதுதானா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன."

"இவ்வளவு சல்லிசாப் போயிட்டேனா நான்?" கந்தலை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். துடைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.  "சரி. ஏற்கெனவே நீ நஷ்டக் கணக்குல எழுதிட்டேன்னா... வீணாகக் கூடாது."

பிரிட்டா ஈரத்தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் விம்மினாள். கர்ட் அவள் கையில் டார்ச் விளக்கைத் திணித்தான்.

"அழுதுக்கிட்டே இதைக் கொஞ்சம் பிடி. பால் கெட்டுடும்."